எம்ஆர்சிபி ஸ்கேன்ல வாய் வழியா குழாய் விடுவாங்களா?

அப்பாவுக்கு பித்தக்குழாய்ல கல் இருக்கலாம்னு எம்ஆர்சிபி எழுதிக்கொடுத்திருக்காங்க, குழாய் விடுவாங்களான்னு கேட்டிருக்கீங்க. விடமாட்டாங்க, பயப்படாதீங்க. வாய் வழியா குழாய் விடுறது இஆர்சிபிங்கற வேற முறை, பேரு ஒரே மாதிரி இருக்கறதால பாதி பேர் குழம்பிப் போறாங்க.

எம்ஆர்சிபிங்கறது பித்தக்குழாயையும் கணையக்குழாயையும் சாதாரண எம்ஆர்ஐ மெஷின்லயே படம் எடுக்கறதுதான், 1991லேர்ந்து இருக்கு. தேங்கி நிக்கற நீர் மட்டும் பளிச்சுனு வெள்ளையா தெரியற மாதிரி செட்டிங் வைப்பாங்க, சுத்தி இருக்கற ஈரல், கொழுப்பு எல்லாம் மங்கிடும், ஓடற ரத்தமும் கறுப்பாயிடும், பித்தநீரும் கணையநீரும் தானாவே வெளிச்சமா தெரியறதால பெரும்பாலும் கான்ட்ராஸ்ட் ஊசிகூட வேண்டாம், கதிர்வீச்சும் கிடையாது. படத்துல வெள்ளை மரக்கிளை மாதிரி இருக்கும், நடுவுல கறுப்பா ஒரு பொட்டு தெரிஞ்சா கல்லா இருக்கலாம் (காத்துக்குமிழும் அப்படித்தான் தெரியும், அதான் சிக்கல்).

நாலஞ்சு மணி நேரம் வெறும் வயிறா இருக்கணும். வயித்துல இருக்கற தண்ணியும் வெள்ளையா தெரிஞ்சு மறைக்குமேன்னு சில இடத்துல அன்னாசி ஜூஸ் குடுப்பாங்க, அதுல இருக்கற மாங்கனீஸ் அந்த வெளிச்சத்தை அடக்கிடும், நிஜமாத்தான் சொல்றேன். உள்ள படுத்ததும் "மூச்சை இழுத்துப் பிடிங்க"ன்னு சொல்லுவாங்க, அதை அப்பாவை வீட்லயே பழகிக்கச் சொல்லுங்க, ஆடினா படம் கலங்கிடும். பேஸ்மேக்கர் இருந்தா முன்னாடியே சொல்லிடணும்.

ஆனா இதுல பாக்க மட்டும்தான் முடியும், கல் இருந்து எடுக்கணும்னா அப்புறம் பெரும்பாலும் இஆர்சிபிதான். ரொம்ப பொடிக்கல், 3 மி.மீ.க்கு கீழன்னா, சில சமயம் இதுல மாட்டாம தப்பிச்சிடும்.