பாட்டன் பெயர் ஏன் மாறியது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான்கு தலைமுறையாக இருக்கிறோம். எங்கள் குடும்பப் பெயர் கவெண்டர். கொள்ளுத்தாத்தாவின் தம்பி வழியில் வந்தவர்கள் முன்சாமி என்று போடுகிறார்கள். கூடப்பிறந்தவர்களுக்கு எப்படி இரண்டு குடும்பப் பெயர் வந்தது? கப்பலை விட்டு இறங்கும்போது வெள்ளைக்காரர் மாற்றி எழுதிவிட்டார் என்கிறார்கள் பெரியவர்கள். சொந்த ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: இறங்கும்போது மாற்றினார்கள் என்ற கதை பல குடும்பங்களில் உண்டு. ஆனால் உங்கள் முன்னோரின் விவரங்கள் கப்பல் ஏறுமுன், ஆட்களைத் தங்கவைத்த மதராஸ் டிப்போவிலேயே எழுதப்பட்டவை. அப்போது மாற்றுவதற்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கவில்லை. தன் பெயர், தகப்பன் பெயர், அவ்வளவுதான். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் டர்பன் துறைக்கு வந்தது முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அடங்கிய நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸிலிருந்து கப்பலேறியவர்கள்.

பெயர் பிரிந்தது நேட்டாலில், அடுத்த தலைமுறையில். பிறப்பு, கல்யாணம், பள்ளிக்கூடம் என்று எந்தப் படிவம் வந்தாலும் கடைசிப் பெயர் கேட்டார்கள். தகப்பன் பெயர் முனுசாமி என்று ஒருவர் சொல்ல, அது முன்சாமியாகி அந்தக் கிளைக்கே நிலைத்தது. அண்ணனோ கவுண்டர் என்று பட்டத்தைச் சொல்லியிருப்பார், அது கவெண்டர். முதலியார் மூட்லி ஆனதும் இப்படித்தான். ஊரில் தங்களுக்கு மறுக்கப்பட்ட மரியாதையைப் புது மண்ணில் ஒரு பட்டத்தால் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அது அவர்கள் உரிமை. ஆனால் தேடுகிறவர் இதை மறந்தால் வழி தவறும். இன்றைய பட்டத்தை வைத்து அன்றைய சாதியையும் ஊரையும் ஊகிக்கவே கூடாது.

ஆகவே பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள். ஒப்பந்தத்தில் போன ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு, கைக்குழந்தைக்கும் உண்டு. ஒப்பந்தம் முடிந்ததற்கான விடுவிப்புச் சீட்டு, இந்தியர் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிந்த கல்யாணம், பிள்ளைகளின் பிறப்புப் பதிவு ஆகியவற்றில் அந்த எண்ணைத் தேடுங்கள். வீட்டுப் பெட்டியில் எதுவும் இல்லையென்றால், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் உள்ள இறந்தவர் சொத்துக் கோப்பைக் கேளுங்கள். அதில் இருக்கும் மரண அறிவிப்பில் பெற்றோர், மனைவி, பிள்ளைகள் பெயர் எல்லாம் இருக்கும். அடியில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று பாருங்கள். மகன் சொல்லியிருந்தால் நம்பலாம். அண்டை வீட்டுக்காரர் சொல்லியிருந்தால் பெற்றோர் பெயரைச் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எண் கிடைத்ததும் கப்பல் பட்டியலுக்குப் போங்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையத்தில் கேட்கலாம். ஆளுக்கு ஒரு வரி: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம். ஒரே கப்பலில் நாலைந்து முனுசாமிகள் இருந்தால் வயதை நம்பாதீர்கள். 20, 25 என்று உத்தேசமாகப் போட்ட வயதுகள் ஏராளம். இடது முழங்காலில் தழும்பு, வலது கன்னத்தில் மச்சம் என்று எழுதிய அந்தக் கடைசிப் பத்திதான் ஆளைப் பிரித்துக் காட்டும், விடுவிப்புச் சீட்டிலும் அதே அடையாளம் குறிக்கப்பட்டிருந்தால். மேலும் கீழும் ஐந்தாறு எண்களையும் படியுங்கள். புருஷன், பெண்சாதி, பிள்ளைகளுக்கு அடுத்தடுத்த எண்கள் கொடுத்திருப்பார்கள். மனைவியின் வரியில் அவருடைய தகப்பன் பெயரும் கிடைக்கும். பெண்வழித் தேடலுக்கு இதைவிட நல்ல ஆதாரம் அரிது.

எண் கிடைக்காமல் பெயரால்தான் தேட வேண்டும் என்றால், ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பல விதமாக மாற்றிப் பாருங்கள். குப்புசாமியைக் ‘கே’ எழுத்தில் தேடிக் கிடைக்காதவர் ‘சி’ எழுத்தில் தேட வேண்டும். உகரத்துக்கு ‘யு’ ஒரு இடத்தில், இரட்டை ‘ஓ’ இன்னொரு இடத்தில் இருக்கும். சின்னசாமி ‘எஸ்’ஸிலும் வருவார், ‘சி’யிலும் வருவார்.

கிராமத்தின் பெயர் தெரிந்தவுடன் விமான டிக்கெட் எடுத்துவிட வேண்டாம். புதூர், நல்லூர் என்ற பெயரில் ஊர்கள் எத்தனையோ. திருவள்ளூரும் திருவாரூரும் ஆங்கில எழுத்தில் குழம்பும். தாலுகாவையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஊர் தெளியும். பட்டியலில் வட ஆற்காடு என்றிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 1911-ல் சித்தூர் ஜில்லா உருவாகும் வரை இன்றைய ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதி வட ஆற்காட்டில்தான் இருந்தது. வேலூர்ப் பக்கம் தேடி அலைந்த ஊர் அங்கே இருக்கக்கூடும். ஊர் உறுதியானால் எல்லையம்மன், கங்கையம்மன் என்று வீட்டில் வழிவழியாகக் கும்பிடும் குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். நூறு வருஷத்துக்கு முன் போனவரின் பெயர் ஊரில் யாருக்கும் நினைவிருக்காது. இன்ன கோயில் பங்காளிகள் யார் என்று கேட்டால் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள்.

கேள்வி: புதுச்சேரியில் எங்கள் பாட்டனாருக்குப் பிரெஞ்சுக் குடும்பப் பெயர், அவர் அப்பாவுக்குத் தமிழ்ப் பெயர் மட்டும்தான். மதம் மாறியதால் வந்ததா?

பதில்: அப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, பிரெஞ்சிந்தியாவில் இருந்தவர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வரலாம். அப்படித் துறந்தவர் ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். மதம் மாற வேண்டியதில்லை. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லபோர்த் ஆனது இந்த வழியில்தான். தகப்பன் பெயரையே பிரெஞ்சு எழுத்தில் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

இது உங்களுக்கு நல்ல செய்தி. பெயர் மாறிய நாள் ஏட்டில் இருக்கிறது. துறந்த பத்திரத்தில் பழைய பெயரும் புதிய பெயரும் சேர்ந்தே வரும். மனைவிக்கும் மைனர் பிள்ளைகளுக்கும் அது செல்லும். பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம் புதுச்சேரி, காரைக்கால் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பிறப்புப் பதிவைவிடக் கல்யாணப் பதிவை முதலில் பாருங்கள். இரு வீட்டுப் பெற்றோர், வயது, தொழில், சாட்சிகள் எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். பதிவேட்டின் கடைசியில் அகரவரிசை இருந்தால் புதுப் பெயரோடு நிறுத்தாமல் பழைய பெயரிலும் தேடுங்கள். இணையத்தில் இல்லாத பிற்காலப் பதிவுகளில், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்களுடையதை நான்த் நகரில் உள்ள மத்தியப் பதிவகத்தில் கேட்க வேண்டும்.

கேள்வி: தாத்தாவின் பள்ளிச் சான்றிதழில் பெயரோடு சாதிப் பட்டம் இருக்கிறது. அவர் வாங்கிய நிலத்தின் கிரயப் பத்திரத்தில் இல்லை. இரண்டும் ஒருவர்தான் என்று எப்படி நிரூபிப்பது?

பதில்: 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதற்குப் பின் பலர் அலுவலகம் எதற்கும் போகாமல் தாங்களே விட்டுவிட்டார்கள். அதனால் மாற்றத்துக்கென்று தனிக் காகிதம் இல்லாமலே போகலாம். முறைப்படி மாற்றியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பகுதி VI, பிரிவு 4-ல் அறிவிப்பு இருக்கும்.

இல்லையென்றால் பத்திரத்தையே ஊன்றிப் படியுங்கள். ‘இன்ன ஊரில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார்’ என்ற வரியில் தகப்பன் பெயரும் ஊரும் சான்றிதழோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ‘என்கிற’ என்ற சொல் கண்ணில் பட்டால் அதுவே போதும். இரண்டு பெயரையும் அதே பத்திரம் இணைத்துவிடுகிறது. வில்லங்கச் சான்றில் வரும் முந்தைய பத்திர எண்ணைக் குறித்துக்கொண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் அதன் நகலுக்கு விண்ணப்பியுங்கள். பழைய பத்திரங்களில் பாகப்பிரிவினையைத் தேடி எடுங்கள். அண்ணன் தம்பி எல்லோர் பெயரும், அவர்களின் தகப்பன் பெயரும் ஒரே இடத்தில் இருப்பது அதில்தான்.

கேள்வி: மலேசியச் சித்தப்பாவின் கடவுச்சீட்டில் பெயருக்கு நடுவே ‘ஏ/எல்’ என்று இருக்கிறது. எங்கள் குடும்பப் பெயரின் சுருக்கமா?

பதில்: இல்லை. அது ‘அனாக் லெலாக்கி’, மலாயில் மகன். அதற்குப் பின்னால் இருப்பது உங்கள் தாத்தா பெயர். மகளுக்கு ‘ஏ/பி’ என்று வரும்.