போட்டி முடிந்ததும் மனப்பாட வசனமும் போய்விடுகிறதே, என்ன செய்யலாம்?

மகள் பைபிள் வசனங்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் மனன வசனப் போட்டிக்காக மூன்று மாதம் விழுந்து விழுந்து படித்தாள், பரிசும் வாங்கினாள், அதன்பிறகு வேதப்புத்தகத்தைத் தொடவே இல்லை, அடுத்த போட்டி வரை எப்படித் தொடர வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு சபையில் பதினெட்டு வருஷமாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். அதற்கு முன்னால் நானும் பரிசு வாங்கிய பிள்ளைதான். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் சங்கீதம் 91-ஐப் பிசகில்லாமல் ஒப்பித்து ஒரு எவர்சில்வர் தூக்குவாளி வாங்கினேன். மூன்று மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பாட்டா, அதாவது தாத்தா, இறந்துபோனார். ராத்திரி வீட்டு ஜெபத்தில் போதகர் என்னைப் பார்த்து, "நீதானே பிரைஸ் வாங்குன பிள்ளை, 91 சொல்லு மக்களே" என்றார். எழுந்து நின்றேன். மூன்றாம் வசனம் வரைக்கும் ஓடியது. அதில் 'பாழாக்கும் கொள்ளைநோய்' வரும். ஆறாம் வசனத்திலும் 'இருளில் நடமாடும் கொள்ளைநோய்' வரும். நாக்கு மூன்றிலிருந்து நேராக ஆறுக்குத் தாவிவிட்டது. ஏதோ விட்டுப்போயிற்று என்று தெரிகிறது, திரும்பிப் போக வழி தெரியவில்லை. அப்போது பாயில் சுருண்டு உட்கார்ந்திருந்த அந்த வீட்டுப் பாட்டி, தலையைக்கூட நிமிர்த்தாமல், "அவர் தமது சிறகுகளாலே உன்னை மூடுவார்" என்று எடுத்துக்கொடுத்தார். நான் சேர்ந்துகொள்ளவில்லை. பதினாறாம் வசனம் வரை அவரே சொல்லி முடித்தார்.

அந்தப் பாட்டி பள்ளிக்கூடம் போனவரில்லை. ஆனால் பிள்ளைகளையும் பிறகு பேரப்பிள்ளைகளையும் தூங்க வைக்கும்போது தினமும் இந்தச் சங்கீதத்தைத்தான் சொல்வாராம். எனக்குக் கேட்க நடுவர் இருந்தார், அவர் மார்க் போட்டுவிட்டுப் போய்விட்டார். பாட்டிக்குத் தினமும் கேட்க ஆள் இருந்தது.

ஆகவே உங்களுக்கு என் முதல் பதில், அட்டவணை போடாதீர்கள், ஆள் பிடியுங்கள். வீட்டில் யார் காதுகொடுத்துக் கேட்பார்கள்? என் மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது சில வாரம் எதையும் வாசிக்க முடியவில்லை. என் பையன் பிலிப்பியர் நாலாம் அதிகாரத்தை அவருக்குச் சொல்ல ஆரம்பித்தான். படுத்துக்கொண்டே கேட்பார். "அங்க 'எப்பொழுதும்' உண்டாக்கும், விழுங்கிட்டியே மக்களே" என்று பிடிப்பார். நான் சொல்லியிருந்தால் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான், பாட்டி சொன்னால் சிரிப்பான். கண் சரியான பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. பிலிப்பியர் மொத்தமே 104 வசனம்தான், அடுத்த லெந்து நாட்களுக்குள், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துக்குள், முடித்துவிட்டான். போட்டி எதுவும் இல்லை, பரிசும் இல்லை. வீட்டில் தினமும் பரிசு கொடுத்துப் பழக்குவதில் எனக்குச் சம்மதமும் இல்லை. பரிசு நின்ற அன்றைக்கே படிப்பும் நிற்கும். உங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான்.

போட்டி முடிந்த முதல் இரண்டு வாரம் மகளைச் சும்மா விடுங்கள். மூன்று மாதம் நெருக்கிய பிள்ளை, மூச்சுவிடட்டும். அதற்குப் பிறகு, போட்டிக்குப் படித்ததில் பாதியை மட்டும் காப்பாற்றப் பாருங்கள். எல்லாவற்றையும் காப்பாற்றப் போனால் எல்லாமே போகும். நாங்கள் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் வசனத்தை எழுதாமல் அதிகாரத்தையும் வசன எண்ணையும் மட்டும் எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்போம். ஒரு தாளை எடுப்பது, சொல்வது. தடுமாறாமல் சொன்னால் அந்தத் தாளை மூன்று நாள் கழித்து எடுத்தால் போதும், பிறகு ஒரு வாரம், பிறகு ஒரு மாதம். தடுமாறினால் மறுநாளே. ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. சாப்பாட்டுக்கு இலை போடும் நேரம் போதும்.

இனிப் படிப்பு. மனப்பாடம் வேறு, படிப்பு வேறு என்பதைப் போட்டிக் காலம் மறக்கடித்துவிடுகிறது. வேத வினாடி வினாவில் வழக்கமாக வரும் கேள்வி, அதிக வயது வாழ்ந்தவர் யார்? மெத்தூசலா, 969 வருஷம். பிள்ளைகள் மணியை அடிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். ஒரு நவம்பர் மழை ஞாயிறு, வகுப்புக்கு ஏழே பேர். பாடத்தை ஓரம் வைத்துவிட்டு, "மெத்தூசலா எப்போ செத்தார்?" என்று கேட்டேன். முழித்தார்கள். ஆதியாகமம் ஐந்தாம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னேன். மெத்தூசலாவுக்கு 187 வயதில் லாமேக்கு பிறக்கிறான். லாமேக்குக்கு 182 வயதில் நோவா. ஏழாம் அதிகாரத்தில், ஜலப்பிரளயம் வரும்போது நோவாவுக்கு 600 வயது. ஒரு பெண்பிள்ளை போர்டில் கூட்டினாள். 969. சாக்பீஸைப் பிடித்தபடியே திரும்பி என்னைப் பார்த்தாள். தாத்தாவின் கடைசி வருஷமும் வெள்ளம் வந்த வருஷமும் ஒன்று. லாமேக்கு அதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே போய்விட்டான் என்று இன்னொரு பையன் கண்டுபிடித்தான். "அப்போ மெத்தூசலா வெள்ளத்துல போனாரா, அதுக்கு மின்னமேயா டீச்சர்?" வேதம் சொல்லவில்லை என்றேன். அந்த வாரம் ஏழு பேரும் ஆறாம், ஏழாம் அதிகாரங்களை வீட்டில் தாங்களாகவே வாசித்துவிட்டு வந்திருந்தார்கள், பதில் எங்கேயாவது ஒளிந்திருக்குமோ என்று. பதினெட்டு வருஷத்தில் நான் எடுத்ததில் நல்ல வகுப்பு அதுதான், நான் தயாரித்துக்கொண்டு போகாத வகுப்பும்கூட. போட்டிக்குப் படித்த பழைய வினாத்தாளைத் தூக்கிப்போடாதீர்கள். ஒவ்வொரு விடைக்கும் பின்னால் 'அதனால் என்ன?' என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, வார்த்தை. 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார். நான் தாழ்ச்சியடையேன்' என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்லும். தாழ்ச்சி என்றால் என்ன என்று கேட்டால், தாழ்ந்து போவது, மட்டமாகப் போவது என்பார்கள். 1995-இல் வந்த, கத்தோலிக்கர்கள் வாசிக்கும் மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதே வசனம் 'ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை'. இங்கே தாழ்ச்சி என்றால் குறைவு. நம் மாவட்டத்தில் கோட்டாறு பக்கமோ கடற்கரைப் பக்கமோ கத்தோலிக்கச் சொந்தமோ சிநேகிதமோ இல்லாத வீடு குறைவு. ஒரு பிரதி இரவல் வாங்கிப் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடத்துக்கு நம் சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பையே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கலந்தால் போட்டியில் மாட்டிக்கொள்வாள்.

துண்டு வசனங்களை விட்டுவிட்டு முழுப் பகுதியாகப் படிக்க இதுதான் காலம். சங்கீதம் 1 எபிரெயத்தில் 'பாக்கியவான்' என்ற சொல்லில் ஆரம்பிக்கிறது. நம் தமிழில் அந்தச் சொல் இரண்டாம் வசனத்தின் கடைசியில்தான் வரும். முதல் வசனத்தோடு நிறுத்துகிற பிள்ளை, பாதி வாக்கியத்தில் நிற்கிறது. அதே இரண்டாம் வசனத்தில் 'தியானமாயிருக்கிற' என்பதற்கு எபிரெயச் சொல் ஹாகா. ஏசாயா 31:4-இல் இரையின்மேல் நிற்கும் சிங்கம் உறுமுவதற்கும், 38:14-இல் புறாவைப்போல் புலம்புவதற்கும் அதே சொல்தான். கண்ணை மூடி மௌனமாக உட்காருவது இல்லை, வாய்க்குள் முணுமுணுப்பது. எங்கள் சபையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் அண்ணன் ஒருவர், விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு ஒரு வசனமாகச் சொல்லிக்கொண்டே போவார். சங்கீதம் 119-க்கு 176 வசனம், அவருக்கு முந்நூறு மரம். "119 முடிஞ்சாலும் மரம் மிச்சம் கெடக்கும்" என்பார்.

டிசம்பரில் வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிட்டால் எந்தத் திட்டமும் நடக்காது, சண்டை போடாதீர்கள். லூக்கா 2-இல் மேய்ப்பர்கள் வரும் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லெந்து நாட்களில் ஏசாயா 53, பன்னிரண்டே வசனம். ஏப்ரல், மே மாதத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி வந்துவிடும்.

இன்று ராத்திரி பரீட்சை மாதிரி இல்லாமல், போட்டியில் சொன்ன பகுதியை உங்களுக்காக ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். எங்கே சறுக்குகிறாள் என்று மட்டும் கவனியுங்கள், திருத்த வேண்டாம். பெரும்பாலும் அதே வார்த்தை இன்னொரு வசனத்திலும் இருக்கும். இரண்டு இடத்திலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.