மலைப் பாதையில் சைக்கிள்: எந்த கேமரா வாங்கலாம்?

ஆக்‌ஷன் கேமரா (ஹெல்மெட்டிலோ நெஞ்சிலோ மாட்டிக்கொண்டு ஓட்டும்போதே படமெடுக்கும் சின்ன கேமரா) வாங்குவதைப் பற்றி நம்ம கொங்குப் பக்கத்து எம்டிபி (மலைச் சைக்கிள்) ஆட்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் கீழே. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். விலை எழுதவில்லை. தீபாவளித் தள்ளுபடியில் ஒரு விலை, மார்கழியில் ஒரு விலை, எழுதி என்ன பயன்?

வடவள்ளியிலிருந்து: அண்ணா, வாரக்கடைசியில ஆனைகட்டி, தடாகம் பக்கம் ஓட்டுவேனுங்க. கோப்ரோவா, டிஜேஐயா, இன்ஸ்டா360-ஆ? சுத்தி வளைக்காம ஒரே பதில் சொல்லுங்க.

டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 4, இல்லாவிட்டால் 5 ப்ரோ. ஒரே பதில் ஆச்சு, இனி காரணம்.

நீங்கள் காலை நேரத்தில், மர நிழலில் ஓட்டுகிறவர். இந்த கேமராக்களில் ஆட்டத்தை அடக்குவது கணக்குதான். எவ்வளவு ஆடியது என்று உள்ளே இருக்கும் கைரோ குறித்துக்கொள்ளும். அதற்கேற்ப ஒவ்வொரு ஃப்ரேமின் ஓரத்தையும் வெட்டி, படத்தை நகர்த்தி நேராக்கிவிடும். வெயிலில் இது பிரமாதமாக நடக்கும். நிழலில் வெளிச்சம் போதாமல் ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருக்கும். அதற்குள் சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கினால் அந்த ஃப்ரேமே கலங்கிப்போகும். கலங்கின படத்தை நகர்த்தலாம், தெளிய வைக்க முடியாது. பாதை ஆடாமல் நிற்க, இலைகள் மட்டும் விட்டு விட்டு மங்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அது இதனால்தான்.

படத்தைப் பதிக்கிற சென்சார் பெரிதானால் அதே நிழலில் ஷட்டரை வேகமாக மூடலாம். டிஜேஐ ஆக்‌ஷன் 4, 5 ப்ரோ, இன்ஸ்டா360 ஏஸ் ப்ரோ மூன்றிலும் சென்சார் 1/1.3 அங்குலம். கோப்ரோ ஹீரோ 11 முதல் 13 வரை 1/1.9 அங்குலம். வெட்டவெளியில் மட்டும் ஓட்டினால் கோப்ரோவும் குறைச்சல் இல்லை. அதற்கான மவுண்டும் கிளிப்பும் எங்கே தேடினாலும் கிடைக்கும் என்பது பெரிய வசதி.

ஆனால் ஒன்று. கேமரா எது என்பதை விட எங்கே மாட்டப் போகிறீர்கள் என்பதுதான் வீடியோவைத் தீர்மானிக்கும். அடுத்த கேள்வி அதுதான்.

திருப்பூரிலிருந்து: ஹெல்மெட்டா, நெஞ்சா, ஹேண்டில்பாரா?

மலைச் சைக்கிளுக்கு நெஞ்சு. ஹேண்டில்பாரும் முன் டயரும் இரண்டு கையும் படத்தில் தெரியும். கை எவ்வளவு உதறுகிறது, ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்பதைப் பார்க்கிறவரும் உணர முடியும். ஹெல்மெட்டில் படம் வழுவழுப்பாக வரும், கழுத்தே பாதி ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் சைக்கிளே தெரியாது, தரை மட்டும் ஓடும். உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் கேமரா நம்ம மலையடிவார உண்ணிப் புதரிலும் வேலிமுள்ளிலும் மாட்டும். விழுந்தால் அந்தக் கட்டி ஹெல்மெட்டையும் கழுத்தையும் இழுக்கும். முழுமுக ஹெல்மெட் போடுகிறவர்கள் தாடைப் பகுதியில் ஒட்டலாம், அது நல்ல கோணம். எந்த ஹெல்மெட்டாக இருந்தாலும் துளை மட்டும் போடாதீர்கள்.

ஹேண்டில்பார் வேண்டாம். பின் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயிலில் சுத்தமாக வேண்டாம். பெரிய ஆட்டத்தை அடக்குகிற கணக்கு, பொடிப்பொடி அதிர்வில் தோற்றுவிடும். படம் ஜெல்லி மாதிரி நெளியும்.

நெஞ்சு பெல்ட்டில் எல்லாரும் சறுக்குகிற இடம் கோணம். வீட்டில் நேராக நின்று கட்டுகிறார்கள், இறக்கத்தில் உடம்பு முன்னால் சாய்ந்ததும் கேமரா ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மையும் முன் டயரையும்தான் பார்க்கிறது. அதனால் சைக்கிளில் ஏறி, பெடல் இரண்டையும் சமமாக வைத்து, சீட்டை விட்டு எழுந்து, முழங்கையை மடக்கி, இறக்கத்தில் நிற்கிற மாதிரியே நில்லுங்கள். கூட இருப்பவரைத் திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹேண்டில்பார் படத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள் வரும் வரை கேமராவை மேலே தூக்குங்கள். சமதரையில் நின்று பார்த்தால் வானத்தைப் பார்ப்பது போல இருக்கும். அதுதான் சரியான கோணம். தண்ணீர்ப் பையின் மார்பு வார் லென்ஸுக்கு மேலே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் கேமராவை அணைத்துவிடலாம். மூச்சிரைப்பையும் முழங்காலையும் யாரும் அரைமணி நேரம் பார்க்க மாட்டார்கள்.

ஈரோட்டிலிருந்து: நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிய சரிவு, வீடியோவில் தார் ரோடு மாதிரி தெரிகிறது. வீட்டுக்காரர் சிரிக்கிறார்.

அவரைச் சிரிக்க விடாதீர்கள் அக்கா, தப்பு லென்ஸ் மேல். அகலக்கோண லென்ஸ் எதிரே உள்ளதைத் தள்ளி வைக்கும், சரிவு தட்டையாகிவிடும். கேமராவும் உங்களோடு சேர்ந்து கீழ்நோக்கிச் சாய்வதால், எது சமம் என்பதற்குப் படத்தில் அடையாளமே இருக்காது. மரமோ மின்கம்பமோ ஓரத்தில் நின்றால் கண் அதை வைத்துச் சரிவைக் கண்டுபிடித்துக்கொள்ளும். வெறும் மண்ணும் கல்லும் மட்டும் இருந்தால் கண்டுபிடிக்காது.

இன்னும் நல்ல வழி, முன்னால் ஒருவரை இறங்கவிட்டு, போதுமான இடைவெளியில் பின்னால் போய் அவரைப் படமெடுப்பது. அவர் தலை சட்டென்று படத்தில் கீழே போய் மறையும்போது சரிவு என்னவென்று தெரிந்துவிடும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் கேமராவைக் கழற்றிப் பாதையோரக் கல் மேல் பக்கவாட்டில் வைத்து ஒருமுறை இறங்குங்கள். அதில் பொய் சொல்ல முடியாது, வீட்டுக்காரருக்கு அதைக் காட்டுங்கள். படத்தை எப்போதும் சமமாகவே வைக்கும் ஹொரைசன் லாக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். வளைவில் சைக்கிள் சாய்வதை அது விழுங்கிவிடும்.

கோபியிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி: இருக்கிற போனையே ஹேண்டில்பார்ல மாட்டினா ஆகாதாண்ணா?

ஆகாது தம்பி. பல போன்களில் ஆட்டத்தை அடக்க லென்ஸோ சென்சாரோ நிஜமாகவே நகரும். தொடர் அதிர்வு அதைக் கெடுக்கலாம். சக்திவாய்ந்த எஞ்சின் கொண்ட மோட்டார் பைக்கில் ஐபோனை மாட்ட வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. கல்லும் வேருமான பாதையில் சைக்கிளும் நன்றாகவே உதறும். ஆக்‌ஷன் கேமராக்களில் மேலே நான் சொன்னவற்றில் அப்படி நகரும் லென்ஸ் இல்லை.

பொள்ளாச்சியிலிருந்து: 4கே-வில் 30 வைக்கவா, 60 வைக்கவா? கார்டு எவ்வளவு வாங்கட்டும்? ஷட்டர் பற்றியும் சொல்லுங்கள்.

வீடியோவை ஸ்லோ மோஷனில் ஓட்டிக் காட்டுகிற ஆசை இருந்தால் நொடிக்கு 60 ஃப்ரேம், இல்லையென்றால் 30. நிழலில் 30-தான் நல்லது, கோப்பும் சிறிதாகும்.

கணக்கு எளிது. பதிவு வேகம் நொடிக்கு 60 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 27 ஜிபி. 120 மெகாபிட் வைத்தால் 54 ஜிபி. 128 ஜிபி கார்டில் முதல் வகை நாலரை மணி நேரத்துக்கு மேல் வரும், இரண்டாவது இரண்டேகால் மணி நேரம்தான். கார்டில் வி30 என்று அச்சிட்டிருந்தால் போதும். குறைந்தது நொடிக்கு 30 மெகாபைட் எழுதும் என்று அர்த்தம், எட்டு மெகாபிட் ஒரு மெகாபைட் என்பதால் 120 மெகாபிட்டுக்குத் தேவை 15 மெகாபைட்தான். போலி கார்டு நிறைய ஓடுகிறது. வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் கார்டு முழுக்க எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள்.

ஷட்டரை வெயிலில் ஆட்டோவில் விடலாம். மரத்தடியில் 1/120 நொடியை விட மெதுவாகாதபடி பூட்டுங்கள். படம் கொஞ்சம் புள்ளிபுள்ளியாக வரும், வரட்டும். கலங்கல் வருவதை விட அது மேல்.

சித்திரை வெயிலில் டீக்கடையில் நிற்கும்போது பதிவை நிறுத்துங்கள். ஓடும்போது காற்று கேமராவைக் குளிர்விக்கும், நின்றால் சூடேறித் தானாக அணைந்துவிடும்.

அவரே: என்டி ஃபில்டர்?

காட்டுப் பாதைக்கு வேண்டாம். அது வெளிச்சத்தைக் குறைக்கிற கண்ணாடி, நாம் வெளிச்சம் போதவில்லை என்று அழுதுகொண்டிருக்கிறோம்.

உடுமலையிலிருந்து: பேசிக்கிட்டே ஓட்டறேன். காத்துச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க.

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும், மைக் எம்மாத்திரம்! பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வரும் காற்று உங்க ஊர்க் காற்றாலைகளையே சுழற்றுகிறது. நெஞ்சில் மாட்டினால் ஹெல்மெட்டை விடச் சத்தம் குறையும். மைக் துளைகளின் மேல் பஞ்சு உறை போடுங்கள், அமைப்பில் விண்ட் ரிடக்‌ஷனைப் போடுங்கள். அப்பவும் போதாவிட்டால் வீட்டுக்கு வந்து பேசிப் பதிவு செய்து சேர்த்துவிடுங்கள்.

கோவை, பீளமேடு: 360 கேமரா வாங்கினால் கோணக் கவலையே இல்லை என்கிறார்களே?

எல்லாப் பக்கத்தையும் ஒரே சமயத்தில் எடுப்பதால் கோணக் கவலை போய் எடிட்டிங் கவலை வரும். ஒவ்வொரு வீடியோவிலும் எங்கே பார்க்க வேண்டும் என்று பிறகு உட்கார்ந்து சொல்ல வேண்டும். இன்ஸ்டா360 எக்ஸ்4 8கே-வில் எடுத்தாலும் அது சுற்றிலும் பரவிய 8கே, ஒரு பக்கத்தை மட்டும் வெட்டினால் தெளிவு நிறையக் குறையும். இரண்டு பக்கமும் லென்ஸ் துருத்திக்கொண்டிருக்கும், விழுந்தால் கல்லில் முதலில் தொடுவது அதுதான். எக்ஸ்5-இல் லென்ஸை மாற்றிக்கொள்ளலாம். முதல் கேமராவாக வேண்டாம்.

பெருந்துறையிலிருந்து: என் பழைய லேப்டாப்பில் வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது.

எச்.265 முறையில் சுருக்கியிருப்பதால் பழைய இயந்திரம் திணறுகிறது. கோப்ரோ கார்டைத் திறந்தால் ஒவ்வொரு வீடியோவுக்கும் பக்கத்தில் எல்ஆர்வி என்று முடியும் சின்னக் கோப்பு ஒன்று இருக்கும். அதே காட்சி, குறைந்த தெளிவில். டிஜேஐயில் அது எல்ஆர்எஃப். நகலெடுத்துப் பெயரின் கடைசியை எம்பி4 என்று மாற்றினால் சாதாரண வீடியோவாகவே ஓடும். எது வேண்டும், எது வேண்டாம் என்று அதில் பார்த்துப் பொறுக்குங்கள். பெரிய கோப்பைக் கடைசியில் தொட்டால் போதும்.

கோவை, பேரூர்: காட்டுக்குள் எடுத்தால் பிரச்சினை வருமா?

வரும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். சரணாலயத்துக்குள் படமெடுக்கவும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஜிபிஎஸ், தேதி, நேரத்தோடு வீடியோ ஏற்றினால் சாட்சியத்தை நாமே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி. சிறுவாணி சாலை, தடாகம் பக்கம் அந்தியிலும் விடியலிலும் யானை நடமாட்டம் உண்டு. கண்ணில் பட்டால் கேமராவை மறந்துவிட்டுத் திரும்புங்கள். பழகுவதற்குக் கீழ்பவானி வாய்க்கால் கரையும் பரம்பிக்குளம்-ஆழியாறு (பிஏபி) வாய்க்கால் கரையும் இருக்கின்றன. நீளமான மண்பாதை, கோணம் சரிபார்க்க அருமையான இடம்.

நாமக்கல்லிலிருந்து: பழைய கேமரா வாங்கலாமா? என்ன பார்க்க வேண்டும்?

வாங்கலாம். அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள், சூடேறி அணைகிறதா என்று. பேட்டரி உப்பியிருக்கிறதா, கழற்றினால் சுலபமாக வருகிறதா, கதவின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது பேசிப் பதிவு செய்து கேளுங்கள், மைக்கில் மண் அடைத்திருந்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். பாதையைத் திரையில் வரைபடமாகக் காட்ட ஆசையென்றால் ஹீரோ 12 வேண்டாம், அதில் ஜிபிஎஸ் கிடையாது. 13-இல் திரும்ப வந்துவிட்டது. லென்ஸ் மூடியில் கீறல் இருந்தால் ஹீரோ 9 முதல் 13 வரை உள்ளவற்றில் கழற்றி மாற்றலாம். ஹீரோ 8-இல் அது கழலாது, அதனால் கீறல் விழுந்த ஹீரோ 8-ஐ எவ்வளவு சல்லிசாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.