பவளம் நிறம் மாறினால் யார் மேல் பழி?

கேள்வி: வாங்கும்போது பளிச்சென்று ஊதாவாக இருந்த, கிளைகிளையாக வளர்கிற அக்ரோபோரா பவளம், என் உப்புத் தண்ணீர் தொட்டிக்கு வந்து மூன்று வாரத்தில் பழுப்பாகிவிட்டது. சாயம் பூசி ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: சாயம் ஏற்றிய பவளங்கள் விற்பனைக்கு வந்ததுண்டு. ஆனால் உங்களுடையதில் அதற்கு வாய்ப்பு குறைவு. பவளத்தின் திசுவுக்குள் ஸூஸாந்தெல்லே என்கிற நுண்பாசிகள் லட்சக்கணக்கில் குடியிருக்கின்றன, நீங்கள் பார்க்கிற பழுப்பு அவற்றின் நிறம். ஒளிச்சேர்க்கை செய்து பவளத்துக்குத் தேவையான சக்தியில் பெரும்பகுதியைத் தருவதும் அவைதான், ஆகவே வாடகையை ஒழுங்காகக் கட்டுகிற குடித்தனக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊதா, நீலம், இளஞ்சிவப்பு இதெல்லாம் பவளம் தானே தயாரிக்கிற புரத நிறமிகள். கடும் வெளிச்சத்திலிருந்து தன்னையும் பாசியையும் காப்பாற்றிக்கொள்ளத்தான் பெரும்பாலும் இவற்றைத் தயாரிக்கிறது. வெளிச்சம் குறைந்தால் அந்த வேலைக்கு அவசியமில்லை, நிறமி குறையும். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடிக்க பாசி தன் பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும். தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறியிருந்தால் பாசியின் எண்ணிக்கையும் பெருகும். இரண்டும் சேர்ந்தால் கிளை முழுக்கப் பழுப்புதான்.

ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். வளர்கிற நுனியில் பாசி இன்னும் அதிகம் குடியேறியிருக்காது, அங்கே மட்டும் ஊதா ஒட்டிக்கொண்டிருந்தால் பவளம் நலம், நிறமி தயாரிக்கிற திறனும் போகவில்லை. வெளிச்சத்தைக் கூட்டுங்கள், ஆனால் ஒரே நாளில் வேண்டாம், சில வாரங்களில் படிப்படியாக. பழுப்பு அழகில்லைதான், ஆனால் நோய் அல்ல. பழுப்பாக இருந்துகொண்டே வேகமாக வளர்கிற பவளங்கள் எத்தனையோ!

இன்னொன்று. விற்கிற இடத்தில் நீல எல்.இ.டி. மட்டும் எரிந்திருந்தால், ஒளிரும் புரதம் உள்ள பவளங்கள் பச்சையும் ஆரஞ்சுமாகத் தகதகவென்று தெரியும். வீட்டில் வெள்ளை விளக்கில் அதே பவளம் சப்பென்று இருக்கும். அது விளக்கு காட்டுகிற வித்தை, பவளம் மாறவே இல்லை. அடுத்த தடவை வாங்கும்போது வெள்ளை விளக்கைப் போடச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: என் தொட்டியில் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுமே பூஜ்யம், தண்ணீர் அவ்வளவு சுத்தம். அப்படியும் பவளங்கள் வெளிறுகின்றன.

பதில்: அப்படியும் இல்லை, அதனால்தான்! நீங்கள் சுத்தம் என்று சொல்வது பாசிக்குப் பட்டினி. நைட்ரேட் 2 முதல் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். வரை இருந்தால் பெரும்பாலான தொட்டிகளில் நன்றாகவே ஓடும். மீன்களுக்குக் கொஞ்சம் தாராளமாகத் தீனி போடுங்கள், பாஸ்பேட் உறிஞ்சியைக் குறையுங்கள், கழிவை நுரையாக்கி வெளியேற்றுகிற ஸ்கிம்மரைச் சற்றுத் தளர்த்துங்கள். அப்புறம் ஆல்கலினிட்டி, அதாவது அமிலத்தைச் சமாளிக்கிற தண்ணீரின் திறன். சத்தே இல்லாத தண்ணீரில் அதை 11 டி.கே.எச். (அதை அளக்கிற அலகு) வரை ஏற்றினால் அக்ரோபோராவின் நுனிகள் கருகுவதை வளர்ப்பவர்கள் பலரும் பார்த்திருக்கிறார்கள். 8-க்குப் பக்கத்தில் ஏற்ற இறக்கம் இல்லாமல் வையுங்கள். எண்ணை விட அது ஆடாமல் நிற்பதுதான் முக்கியம் என்பது என் கட்சி.

வெளிறலையும் சதை உரிவதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வெளிறிய பவளத்தில் கண்ணாடி மாதிரி திசு மூடியிருக்கும், சின்னச் சின்ன கைகளை நீட்டிக்கொண்டு பாலிப்கள், அதாவது பவளத்தின் குட்டி உயிர்கள், தெரியும், உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அடியிலிருந்து திசு கழன்று வெறும் வெள்ளை எலும்புக்கூடு தெரிந்தால் அது வேறு சமாச்சாரம், நல்ல பகுதியை உடனே வெட்டித் தனியே ஒட்டுங்கள்.

கேள்வி: குளிர்விப்பான் பழுதாகித் தொட்டி சூடானது. பவளம் வெளுக்கும் என்று பயந்தால், முன்பை விட நியான் நிறத்தில் மின்னுகிறது! சந்தோஷப்படலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். வழக்கமான உச்ச வெப்பத்தை விட ஓரிரு டிகிரி கூடி, அது நீடித்தாலே பவளம் பாசியை வெளியேற்ற ஆரம்பிக்கும். பாசி குறையக் குறைய, வெள்ளை எலும்புக்கூட்டில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் திசுவுக்குள் கூடுகிறது. அதில் உள்ள நீல ஒளி, பவளத்தைக் கூடுதலாக நிறமி தயாரிக்க வைக்கிறது. கடலில் நடக்கும் இந்த வண்ண வெளுப்பை சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் விளக்கினார்கள். அந்த நிறமித் திரை வெளிச்சத்தைத் தணித்துப் பாசி திரும்பி வர உதவுகிறது என்பது அவர்கள் கருத்து. அதாவது இது பவளம் தாங்கிக்கொண்டு போராடுகிற நிலை. வெப்பத்தை 25, 26 டிகிரிக்கு மெதுவாக இறக்குங்கள், விளக்கின் பிரகாசத்தைக் கொஞ்ச நாளைக்குக் குறையுங்கள், இடத்தை மாற்றவே மாற்றாதீர்கள். மெல்ல மெல்லப் பழுப்பு எட்டிப்பார்த்தால், அப்போது சந்தோஷப்படுங்கள்.