முருகைக்கல் வெளுத்தது சூட்டாலா, காலாலா?

கேள்வி: திருகோணமலை நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் படகில் ஆட்களை ஏற்றிப் போகிறேன். அங்கே முருகைக்கல் (பவளப்பாறை) இடையிடையே வெளுத்துக் கிடக்கிறது. படகுக்காரர் கொண்டுவரும் ஆட்கள் மிதிப்பதுதான் காரணம் என்கிறார்கள். கடல் சூடு என்கிறோம் நாங்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். வெள்ளை நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், அது எப்படிப் பரவியிருக்கிறது என்று பாருங்கள்.

கடல் அதிகம் சூடானால் முருகை தன் உடம்புக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிடும். நிறம் போகும், உயிர் உடனே போகாது. 1998இலும் 2016இலும் இலங்கையில் பல இடங்களில் நடந்தது இதுதான். இப்படி வெளுத்தால் ஆள் இறங்காத பக்கமும் சேர்ந்து வெளுக்கும். மிதித்து உடைந்தது வேறு மாதிரி: மான்கொம்பு போலக் கிளைவிடும் முருகையில் முறிந்த வாய் மட்டும் வெள்ளையாக இருக்கும், துண்டுகள் அடியில் கிடக்கும். மூன்றாவது ஆளும் உண்டு. முள்முடி நட்சத்திரமீன் தின்ற இடம் பளீரென்று வெளுத்திருக்கும், ஒட்டினாற்போல் மிச்சம் நிறத்தோடு நிற்கும். அதன் முள்ளில் விஷம், கை வைக்க வேண்டாம்.

‘போன வருஷம் இப்படியில்லை’ என்ற பேச்சு கணக்கில் வராது. 10 மீற்றர்க் கயிற்றில் 20 சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டால் 50 முடிச்சு. அதை முருகைமேல் படாமல் நீட்டிப் பிடித்து, ஒவ்வொரு முடிச்சுக்கும் நேர்கீழே இருப்பதைக் கொப்பியில் குறியுங்கள்: உயிருள்ளது, வெளுத்தது, முறிந்தது, பாசி, மணல். எட்டு முடிச்சில் முறிவு என்றால் 16 சதவீதம். ஆள் இறங்கும் இடத்தில் ஒன்று, யாரும் போகாத பக்கத்தில் அதே ஆழத்தில் ஒன்று. இந்த இரண்டாவதுதான் முக்கியம். ஒப்பிட அது இல்லாவிட்டால் சண்டை தீராது. பருவம் முழுக்க மாதம் ஒருமுறை, அதே இடத்தில். 2003 முதல் புறாமலை தேசியப் பூங்கா, ஆகவே வனசீவராசிகள் திணைக்களத்திடம் முதலில் அனுமதி கேளுங்கள்.

கணக்கு முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்ததும் ஆள் பதறிக் கால் ஊன்றி நிற்பார். நிற்பது முருகைமேல். அதனால் நீந்தத் தெரியாதவரை நிலாவெளிக் கரையிலேயே லைஃப் ஜாக்கெட்டோடு பத்து நிமிடம் மிதக்கப் பழக்குங்கள். நங்கூரம் மணலில் மட்டும். சன்ஸ்கிரீமுக்குப் பதில் முழுக்கைச் சட்டை.

ஆள் இறங்கும் பக்கத்தில் மட்டும் முறிவு கூடினால், அந்த வழியை மூடி வேறு மணல்வழி ஒதுக்கச் சொல்லி அந்தக் கொப்பியோடு போய்த் திணைக்களத்திடம் கேளுங்கள். எவ்வளவு காலம் மூடுவது என்பது உடைந்த வகையைப் பொறுத்தது. மான்கொம்பு வருஷத்துக்கு 10 சென்ரிமீற்றர் அளவில் வளரக்கூடும். உருண்டை முருகைக்கு 1 சென்ரிமீற்றரே பெரிது. முறிந்தது எந்த வகை என்றும் எழுதி வையுங்கள்.