சத்தியம் வாங்கினால் நிற்குமா?

சகோதரி, தலையில் அடித்துச் சத்தியம் செய்த தங்கை மறுபடியும் தன்னைக் காயப்படுத்திக்கொண்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். காயப்படுத்திக்கொள்ளும்போது மனவலி சற்று நேரம் தணியும்; அப்புறம் குற்ற உணர்வு, மறுபடி அதே தவிப்பு. போதைப் பழக்கம் போலவே இதுவும் பிடித்துக்கொள்கிறது. சத்தியம் வாங்கினால் மறைக்கத்தான் செய்வாள்.

மனநல மருத்துவரிடம் கூட்டிப்போய் டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சு சிகிச்சை பற்றிக் கேளுங்கள். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெகன் உருவாக்கியது. உந்துதல் எழும்போது அது தணியும்வரை தாக்குப்பிடிக்கப் பழக்குவார்கள். நடுவில் ஒருநாள் தவறினாலும் திட்டாதீர்கள்.

இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மனாஸ் 14416, நடுராத்திரியிலும் தமிழில் இலவசமாகப் பேசலாம், நீங்களும் பேசலாம்.