பழகிடும் என்கிறார்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் தேன்கனிக்கோட்டைப் பக்கம். வீட்டில் கன்னடம் பேசுவோம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தேன். இப்போது மூன்றாம் ஆண்டு. சீட் கிடைத்தபோது ஊரில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். இப்போதே எல்லோருக்கும் நான் டாக்டரம்மாதான்.

போன மாதம் மெடிசின் வார்டில் போஸ்டிங். அங்கே ஒரு பாட்டிக்குக் கன்னடம் மட்டும்தான் தெரியும். முதுநிலை படிக்கும் பி.ஜி. அக்கா என்னைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்வார். மூச்சுத்திணறல் எப்போதிருந்து, கால் வீக்கம் உண்டா என்று கேட்டால், பாட்டி பதில் சொல்லிவிட்டு வீட்டில் விட்டுவந்த ஆடுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். யார் ஓட்டிக்கொண்டு போகிறார்களோ, குட்டி போட்டதோ என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அதை நான் அக்காவிடம் சொன்னதில்லை. ஐந்தாம் நாள் காலையில் போனேன். பெட் காலி. ராத்திரி ரெண்டு மணிக்கு என்றார் சிஸ்டர். நான் பக்கத்து பெட்டில் ஹிஸ்டரி எடுக்க, அதாவது நோய் விவரம் கேட்டு எழுத, போய்விட்டேன். மத்தியானம் மெஸ்ஸில் நன்றாகவே சாப்பிட்டேன். அழுகை வரவில்லை. ராத்திரி படுத்தபோது அதை நினைத்துத்தான் பயம் வந்தது. அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. சில நாள் எழுந்து கிளாஸுக்குப் போகவே பிடிக்கவில்லை.

சீனியர்கள் 'பழகிடும்' என்கிறார்கள். மருத்துவர்களுக்கு உணர்ச்சித் திறன், அதாவது தன் உணர்ச்சியையும் நோயாளியின் உணர்ச்சியையும் புரிந்து கையாளும் திறன், வேண்டும் என்று எங்களுக்கு ஒரு வகுப்பும் எடுத்தார்கள். அது எனக்கு இல்லையோ? நான் இந்தத் தொழிலுக்கு லாயக்கு இல்லாதவளா ஐயா?

ம.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள ம.,

மரத்துப்போனவளுக்கு ஒரு மாதம் தூக்கம் கெடாதம்மா. முதலில் அதைத் தெரிந்துகொள்.

சாவு வீட்டில் மூத்த மகனைப் பார்த்திருப்பாய். பந்தலுக்கு ஆள் சொல்வான், மேளத்துக்குப் பணம் கொடுப்பான், தூரத்திலிருந்து வந்தவர்களைச் சாப்பிட வைப்பான். கண்ணில் ஒரு சொட்டு இருக்காது. காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, திண்ணையோரம் கிடக்கும் அப்பாவின் செருப்பைப் பார்த்ததும் உடைந்து உட்கார்ந்துவிடுவான். அவனைக் கல்நெஞ்சன் என்று யாராவது சொல்வார்களா? இது வரும் என்று ஊருக்குத் தெரியும். அதனால்தான் யாராவது ஒரு சித்தியோ மாமாவோ நான்கு நாள் கூடவே தங்குகிறார்கள். நம் ஊர்களில் துக்கத்துக்கு என்று இடம் இருக்கிறது, நாள் கணக்கு இருக்கிறது, பக்கத்தில் உட்கார ஆள் இருக்கிறது. உனக்கு இருந்தது பக்கத்து பெட் மட்டும்தான். நீ அங்கே போனது உன் கடமை. உனக்காக யாரும் அன்று மாலை ஒரு கால் மணி நேரம் ஒதுக்கவில்லை என்பதுதான் குறை. அந்தக் குறை உன்னுடையது இல்லை.

என் அப்பா பாலக்கோட்டில் புளி வியாபாரம் செய்தவர். கடைசியாக அவரை ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பதினோரு நாள் நான்தான் கூட இருந்தேன். அங்கே ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். அப்பாவுக்கு நரம்பு கிடைக்காது. மூன்று நான்கு முறை குத்துவாள், அவள் கை நடுங்கும். "பரவால்ல கண்ணு, பொறுமையா குத்து" என்பார் அப்பா. அவர் இறந்த அன்று அவள் டூட்டியில் இல்லை. மறுநாள் சில காகிதங்களுக்காக நான் போயிருந்தபோது, வராந்தாவில் என்னைப் பார்த்து நின்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள், "ஐயா பேரு என்ன சார்? எனக்குப் பதினாலாம் பெட்டுன்னு மட்டும்தான் தெரியும்." சொன்னேன். அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். அவ்வளவுதான், வார்டுக்குள் போய்விட்டாள்.

அன்று எனக்கு அது பெரிய ஆறுதல். அவளுக்கும் அது தேவைப்பட்டிருக்கிறது என்று வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. யாரும் சொல்லித்தராமல் தானாகவே ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறாள். எல்லோருக்கும் அப்படி அமையாது. அதனால்தான் இதைச் சொல்லித்தர வேண்டும் என்கிறேன்.

உணர்ச்சித் திறன் என்பது பிறக்கும்போதே வருகிற குணம் என்று நீ நினைத்துவிட்டாய். நரம்பில் ஊசி ஏற்றக் கற்றுக்கொள்வது போலத்தான் இதுவும். ஒருவர் செய்து காட்ட வேண்டும், நீ செய்யும்போது பக்கத்தில் நிற்க வேண்டும், தப்பானால் திருத்த வேண்டும். கெட்ட செய்தியை நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்பதற்கே 'ஸ்பைக்ஸ்' என்று ஆறு படிகள் கொண்ட முறை ஒன்று 2000ஆம் ஆண்டில் புற்றுநோய் மருத்துவர்களால் வகுக்கப்பட்டது. உட்கார்ந்து பேசு, அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று முதலில் கேள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று கேள் என்று போகும். நம் நாட்டிலும் 2019இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, நோயாளியிடம் பேசும் முறை எல்லாம் பாடமாகவே சேர்ந்துவிட்டன. உங்களுக்கு எடுத்த வகுப்பு அதைச் சேர்ந்ததாக இருக்கலாம். ஆனால் ஹாலில் இருநூறு பேரை உட்காரவைத்து ஸ்லைடு போட்டால் இது வராது. வார்டில், சாவு நடந்த அன்றைக்கே, யூனிட் சீஃப் மாணவர்களைக் கூட்டிவைத்து "அந்தப் பாட்டியைப் பற்றிப் பேசலாமா?" என்று கேட்டால் வரும். இந்தப் பதிலை எந்தப் பேராசிரியராவது படித்தால், நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

நீ மூன்றாம் ஆண்டு என்று எழுதியிருப்பதையும் கவனித்தேன். ஃபிலடெல்ஃபியாவில் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரி மாணவர்களின் பரிவை ஆண்டுக்கு ஆண்டு அளந்து பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. முதல் இரண்டு வருடம் பெரிய மாற்றமில்லை. மூன்றாம் வருடத்தில் இறங்கியது. அவர்கள் முழுநேரமாக வார்டுக்குள் போகிற வருடம் அது. சீனியர்கள் 'பழகிடும்' என்று சொல்வதை நான் கோபமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களிடம் வேறு சொல் இல்லை, அவர்களுக்கும் யாரும் தரவில்லை.

நீ தனியாள் இல்லை என்பதற்கு இன்னொரு கணக்கு. தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு 2024இல் தந்த அறிக்கைக்காக இணையவழிக் கணக்கெடுப்பு நடத்தியது. 25,590 இளநிலை மாணவர்கள் பதில் சொன்னார்கள். அதில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகத் தெரிவித்தார்கள். நூறு பேர் கொண்ட ஒரு வகுப்பை நினைத்துப் பார். உன் ஹாஸ்டல் வராந்தாவில் நள்ளிரவில் விளக்கு எரியும் அறைகளில் எல்லாம் படிப்பு மட்டுமே நடக்கவில்லை. முதுநிலை மாணவர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை தரக்கூடாது, வாரம் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்றும் அந்தக் குழு சொன்னது. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. தூங்கவிடாமல் வேலை வாங்கிவிட்டு, மனதைத் திடமாக வைத்துக்கொள்ளப் பயிற்சி கொடுப்பது நியாயமே இல்லை. உன் பி.ஜி. அக்கா ஆடுகளைப் பற்றிக் கேட்காமல் போனது மனசில்லாமல் இல்லை, நேரமில்லாமல்.

சரி, இப்போது உன் விஷயம். ஒரு மாதமாகத் தூக்கமில்லை, எழவே பிடிக்கவில்லை என்பதை நீயே லேசாக எடுத்துக்கொள்ளாதே. இதே அறிகுறியோடு ஒருவர் ஓ.பி.க்கு வந்தால் என்ன செய்வாய்? அதை உனக்கும் செய். உன் கல்லூரியின் மனநலத் துறையில் உனக்கு நம்பிக்கையான ஒருவரைப் பார். அரசு மருத்துவக் கல்லூரிகளில் 2022இல் 'மனம்' என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்கள் தொடங்கினார்கள். அது உன் கல்லூரியில் எப்படி நடக்கிறது என்று விசாரி. தெரிந்தவர் கண்ணில் படக் கூச்சமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் பேசு. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். இந்த வாரமே செய், தள்ளிப்போடாதே.

இதை வீட்டில் சொல்லவும் நீ தயங்குவாய் என்று நினைக்கிறேன். ஃபிளெக்ஸில் இருக்கும் பெண் அழக்கூடாது என்று உனக்குத் தோன்றலாம். அம்மாவிடம் 'எனக்குக் கஷ்டமாக இருக்கிறது' என்று ஆரம்பிக்காதே, பயந்துவிடுவார். அந்தப் பாட்டியின் ஆடுகளிலிருந்து ஆரம்பி. நான்கு நாளும் நீ மட்டும் கேட்டு, யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். ஆடு வளர்க்கிற ஊர்க்காரரான உன் அம்மாவுக்கு அது ஒரே நிமிடத்தில் புரியும். கன்னடத்திலேயே சொல். பாட்டி எந்த வார்த்தையில் சொன்னாரோ, அதே வார்த்தையில்.

அன்புடன்.